நடுக்கடலில் தத்தளித்தால் ஓடி வரும் சரக்கு கப்பல்கள்! ‘ஆம்வர்’ திட்டம் செயல்படுவது எப்படி?

நடுக்கடலில் படகு மூழ்கினால், கரையில் இருந்து மீட்பு கப்பல் கிளம்பி வந்து சேர பல மணி நேரம் ஆகும். ஆழ்கடல் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகலாம். ஹெலிகாப்டரும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் போக முடியாது. எரிபொருள் தீர்ந்துவிடும்.

ஆனால் அதே நேரத்தில், 30 மைல் தள்ளி ஒரு கன்டெய்னர் கப்பலோ, எண்ணெய் டேங்கரோ சாவகாசமாக போய்க்கொண்டு இருக்கலாம். ‘இந்த இடத்துல ஆளுங்க தத்தளிக்கிறாங்க, திரும்பி போங்க’ என்று அந்த கேப்டனிடம் யாராவது சொன்னால் போதும். உயிர் பிழைத்துவிடும்.

இதற்காகவே உருவாக்கப்பட்டதுதான் ‘ஆம்வர்’ திட்டம். அமெரிக்க கடலோர காவல் படை நடத்தும் இந்த திட்டத்தில், உலகம் முழுவதும் உள்ள சரக்கு கப்பல்கள் தாங்களாகவே முன்வந்து சேருகின்றன. இதற்கு கட்டணம் கிடையாது. சம்பளமும் கிடையாது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

டைட்டானிக் பாடம்

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. சுமார் 1,500 பேர் பலியானார்கள். 58 கடல் மைல் தூரத்தில் இருந்து விரைந்து வந்த ‘கார்பாத்தியா’ கப்பல் 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. அது வந்து சேர்ந்தபோது விடிகாலை 4 மணி. டைட்டானிக் மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கொடுமை என்னவென்றால், ‘கலிபோர்னியன்’ என்ற இன்னொரு கப்பல் 20 கடல் மைலுக்குள் நின்றுகொண்டு இருந்தது. அதில் இருந்த ஒரே ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர் வேலையை முடித்துவிட்டு தூங்க போய்விட்டார். பக்கத்தில் கப்பல் இருந்தும் உதவி கிடைக்கவில்லை.

அதன்பிறகு கடல் பாதுகாப்புக்கு சர்வதேச சட்டங்கள் வந்தன. வயர்லெசை 24 மணி நேரமும் கவனிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இந்த நிமிடம், எந்த கப்பல் எங்கே நிற்குது? அது யாருக்கும் தெரியாது.

கம்ப்யூட்டர் வந்தது

1958-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி இந்த கேள்விக்கு விடையாக ஆம்வர் தொடங்கப்பட்டது. நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் வடக்கு அட்லாண்டிக் கடலுக்கு மட்டும்தான். பிறகு உலகம் முழுவதும் விரிவடைந்தது.

வேலை ரொம்ப எளிமையானது. துறைமுகத்தை விட்டு கிளம்பும் கப்பல், ‘எங்கே போறோம், எந்த வழியா போறோம், என்ன வேகம்’ என்று தகவல் அனுப்பும். பிறகு 48 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தான் இருக்கும் இடத்தை தெரிவிக்கும். பாதை மாறினால் அதையும் சொல்லும். போய் சேர்ந்ததும் ஒரு தகவல். அவ்வளவுதான்.

இடைப்பட்ட நேரத்தில் கப்பல் எங்கே இருக்கும் என்பதை வேகத்தையும், திசையையும் வைத்து கம்ப்யூட்டரே கணக்கு போட்டுவிடும். ஆபத்து தகவல் வந்ததும், அந்த இடத்தை சுற்றி உள்ள கப்பல்களின் பட்டியல் மீட்பு மையத்தின் கைக்கு வந்துவிடும். எது பக்கத்தில் இருக்கு, எதில் டாக்டர் இருக்கிறார் என்பது வரை அதில் இருக்கும். பொருத்தமான ஒரு கப்பலை மட்டும் திருப்பினால் போதும். மற்ற கப்பல்கள் தங்கள் வழியில் போகலாம்.

கப்பல் கம்பெனிகளுக்கு ஒரு பயம் உண்டு. தங்கள் பாதை போட்டி கம்பெனிக்கு தெரிந்துவிடுமோ என்று. அதனால் இந்த தகவல்கள் ரகசியமாக வைக்கப்படுகின்றன. உயிர் காக்கும் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தப்படும். வருடத்தில் 128 நாட்கள் தகவல் கொடுத்த கப்பலுக்கு விருது உண்டு. 2000-ம் ஆண்டுக்கு பிறகு மட்டும் 2,800-க்கும் மேற்பட்ட உயிர்களை ஆம்வர் கப்பல்கள் காப்பாற்றி இருக்கின்றன.

எரிந்த கப்பல், தப்பிய 500 பேர்

1980-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி அலாஸ்கா வளைகுடாவில் ‘பிரின்சென்டாம்’ என்ற சொகுசு கப்பலின் என்ஜின் அறையில் தீப்பிடித்தது. பயணிகளில் பெரும்பாலானோர் வயதானவர்கள். கொட்டும் குளிரில் உயிர்காக்கும் படகுகளில் இறங்கினார்கள்.

‘வில்லியம்ஸ்பர்க்’ என்ற ராட்சத எண்ணெய் டேங்கர் வந்து சேர்ந்தது. ஹெலிகாப்டர்கள் படகுகளில் இருந்து ஆட்களை கயிற்றில் தூக்கி அந்த டேங்கரில் இறக்கின. 500-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் கூட சாகவில்லை. டேங்கர் மட்டும் வராமல் இருந்தால், ஹெலிகாப்டர்கள் ஒவ்வொரு முறையும் கரைக்கு போய் திரும்ப வேண்டி இருந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆம்வரில் சேருவது விருப்பம். ஆனால் காப்பாற்றுவது விருப்பம் இல்லை, கடமை. ஆபத்து தகவல் கிடைத்தால் கேப்டன் முழு வேகத்தில் உதவிக்கு போக வேண்டும் என்பது சர்வதேச சட்டம். போக முடியாவிட்டால், ஏன் போகவில்லை என்று கப்பலின் லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர், பாஸ்போர்ட் இருக்கா என்றெல்லாம் பார்க்க கூடாது.

உயிரை காப்பாற்றியதற்கு காசு கேட்கவும் முடியாது. பொருளை மீட்டால் கூலி உண்டு. மீட்கப்பட்ட ஆளிடம் இருந்து ஒரு பைசா வாங்க கூடாது. பாதை மாறியதால் ஆகும் எரிபொருள், சாப்பாட்டு செலவை பெரும்பாலும் கப்பல் முதலாளிகளின் இன்சூரன்ஸ் அமைப்புகள் ஏற்றுக்கொள்கின்றன.

சும்மா வேலை இல்லை

சரக்கு கப்பல் ஆட்களை மீட்பதற்காக கட்டப்பட்டது அல்ல. நினைத்த இடத்தில் பிரேக் போட முடியாது. முழு வேகத்தில் வரும் பெரிய கப்பல் நிற்க சில கிலோமீட்டர் வேண்டும். கப்பல் மேல்தளம் மாடி வீடு உயரத்தில் இருக்கும். ஊழியர்களோ 20, 25 பேர்தான்.

எனவே கேப்டன் கப்பலை காற்று அடிக்கும் பக்கமாக கொண்டுபோய் நிறுத்துவார். கப்பலே சுவர் மாதிரி நின்று காற்றையும், அலையையும் தடுக்கும். மறைவான பக்கத்தில் கயிற்று ஏணி, வலை, மிதவைகளை இறக்குவார்கள். நாள் கணக்கில் பட்டினி கிடந்தவர்களுக்கு ஏணியில் ஏற தெம்பு இருக்காது. கடைசி நேரத்தில் கை நழுவி விழுந்தவர்களும் உண்டு. கடலில் கிடப்பவர்களை தூக்குவது எப்படி என்று ஒவ்வொரு கப்பலும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014-ம் ஆண்டு ஜூலை முதல் கட்டாயம் ஆகிவிட்டது.

காப்பாற்றியவருக்கே வந்த சோதனை

ஏற்றியாச்சு. எங்கே இறக்குவது? கேப்டன்களின் பெரிய தலைவலியே இதுதான்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி, ஆஸ்திரேலியா கேட்டுக்கொண்டதால் ‘டாம்பா’ என்ற நார்வே சரக்கு கப்பல், மூழ்க இருந்த படகில் இருந்து 438 பேரை மீட்டது. பெரும்பாலானோர் ஆப்கானிஸ்தான் அகதிகள். கப்பலில் ஊழியர்கள் 27 பேர்தான். ஆனால் அவர்களை தங்கள் மண்ணில் இறக்க ஆஸ்திரேலியா மறுத்துவிட்டது. கேப்டன் அதையும் மீறி கிறிஸ்துமஸ் தீவை நெருங்கியபோது, கமாண்டோ படையை கப்பலில் ஏற்றியது. கடைசியில் அகதிகள் நவ்ரு தீவுக்கும், நியூசிலாந்துக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுவருடம் அந்த கேப்டனுக்கும், ஊழியர்களுக்கும் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது கிடைத்தது.

இந்த சம்பவத்துக்கு பிறகு சட்டம் திருத்தப்பட்டது. மீட்கப்பட்டவர்களை பாதுகாப்பான இடத்தில் இறக்கி, கப்பலை சீக்கிரம் விடுவிக்க அரசுகள் ஒத்துழைக்க வேண்டும். இது 2006-ம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்தது.

சட்டம் வந்தும் பிரச்சினை தீரவில்லை. 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் ‘மார்ஸ்க் எட்டியேன்’ என்ற டென்மார்க் டேங்கர், மால்டா சொன்னதால் மத்திய தரைக்கடலில் 27 பேரை மீட்டது. அவர்களை இறக்க எந்த துறைமுகமும் விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கப்பல் கடலிலேயே நின்றது. கப்பல் ஓடாமல் நின்றால் முதலாளிக்கு தினம் தினம் நஷ்டம். இப்படி நடந்தால் அடுத்த கேப்டன் திரும்பி பார்ப்பாரா? இதுதான் கப்பல் துறையினரின் கேள்வி.

303 இலங்கையர்கள்

கேப்டன் திரும்பி பார்த்ததால் பிழைத்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. 2022-ம் ஆண்டு நவம்பரில் 303 இலங்கையர்களுடன் சென்ற ‘லேடி ஆர்-3’ என்ற கப்பல், வியட்நாம் அருகே தண்ணீர் புகுந்து மூழ்க தொடங்கியது. குழந்தைகளும், பெண்களும் அதில் இருந்தார்கள். கப்பலில் இருந்த ஒருவர் இலங்கை கடற்படைக்கு போன் போட்டு கதறினார். கொழும்பு மையம் சிங்கப்பூர் மீட்பு மையத்துக்கு தகவல் கொடுத்தது. அந்த வழியாக சென்ற ‘ஹீலியோஸ் லீடர்’ என்ற ஜப்பான் கப்பல் திருப்பி விடப்பட்டது. 303 பேரும் மீட்கப்பட்டு வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள்.

நம்ம கடலில்...

இந்தியாவிலும் ஆம்வர் போலவே ‘இண்ட்சார்’ என்ற திட்டம் உள்ளது. இந்திய கடலோர காவல் படை நடத்துகிறது. இதிலும் கப்பல்கள் விருப்பப்பட்டு தகவல் கொடுக்கலாம். மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய 3 இடங்களில் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன.

2017-ம் ஆண்டு ஒகி புயலில் குமரி மாவட்ட மீனவர்கள் ஆழ்கடலில் சிக்கி பட்ட பாடு யாருக்கும் மறக்காது. அப்போது அந்த வழியாக வந்த சரக்கு கப்பல்களும் மீனவர்களை தூக்கி காப்பாற்றின. ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கப்பலை அனுப்ப முடியும்.

மீனவர்கள் கவனிக்க

* இஸ்ரோ உருவாக்கிய ‘டாட்’ ஆபத்து கருவியை படகில் வையுங்கள். பட்டனை அமுக்கினால் செயற்கைகோள் வழியாக பெங்களூருக்கும், அங்கிருந்து கடலோர காவல் படைக்கும் தகவல் போய்விடும். பதில் தகவல் வரும் வசதி கொண்ட புது மாடல் 2024-ல் வந்துள்ளது.

* வி.எச்.எப். வயர்லெஸ் இருந்தால் 16-வது சேனலில் கூப்பிடுங்கள். கப்பல்கள் கேட்கும் சேனல் அதுதான்.

* செல்போன் சிக்னல் இருந்தால் கடலோர காவல் படையின் 1554 எண்ணுக்கு பேசலாம். கரையில் இருக்கும் குடும்பத்தினரும் பேசலாம்.

* கப்பல் வந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். படகு கவிழ்ந்துவிடும்.

* கப்பலின் பின்பக்கம் போக கூடாது. அங்கே பெரிய விசிறி சுழலும். கப்பல் நிற்கும் வரை பொறுத்திருந்து, லைப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக ஏற வேண்டும்.