நூலுக்காக வந்த ஏசி

ஏசி என்றால் இன்று நமக்குப் படுக்கையறைதான் நினைவுக்கு வரும். ஆனால் 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல் பிறந்தது மனிதர் சுகத்துக்காக அல்ல, நூலுக்காக. அமெரிக்காவில் வட கரோலினாவின் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர் 1906-இல் கொடுத்த பெயர் அது. நூலுக்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்துவதை ஆலைக்காரர்கள் ஏற்கெனவே 'கண்டிஷனிங்' என்றுதான் சொல்லி வந்தார்கள்.

உடுமலை மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காற்று வறண்டால் இழை அறுபடும். அதற்காகத்தான் யூமிடிபிகேஷன் பிளான்ட்: வெளிக்காற்றை இழுத்து, தண்ணீர்த் தூறலுக்குள் விட்டு, ஹாலுக்குள் தள்ளும். பெரிய பெரிய பேன்கள், இரவும் பகலும் ஓடுபவை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போதும், பங்குனி வெயிலிலும் ஒரே வேகம். காற்று அதிகமானால் அடைப்புப் பலகையைப் பாதி மூடுவார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே பிரேக்கை மிதிப்பது போலத்தான்.

பேன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் எவ்வளவு குறையும்? குமாஸ்தா புத்தி, ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் தோன்றும். இல்லை. 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 0.51. ஏறக்குறைய பாதி! 2012 மின்வெட்டில் டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய மில்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் 'டிரைவ்' கருவி செய்வது இதைத்தான். வீட்டு 'இன்வெர்ட்டர் ஏசி'யும் அந்த வழியில் வந்ததே. அங்கே வேகம் மாறுவது கம்ப்ரசருக்கு.

வீட்டு ஏசிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ஸாதி கார்னோ பெயர் பழக்கம். (தமிழில் எழுதினால் விபரீதமாகத் தெரிகிறது, பாரசீகக் கவிஞர் ஒருவரின் நினைவாக அப்பா வைத்த பெயர்.) 1824-இல் அவர் நீராவி எஞ்சினைப் பற்றி எழுதிய சிறு நூலிலிருந்து வளர்ந்த விதிதான் குளிர்பதனத்துக்கும் அடிப்படை. நம் பக்கத்துக் கவலை இறைப்பைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு ஆழமானால் மாட்டுக்குப் பாடு அதிகம். வெளியே 38 டிகிரி இருக்கும்போது அறையை 18-இல் வைத்தால் 20 டிகிரி ஆழத்திலிருந்து வெப்பத்தை இறைக்க வேண்டும். 24-இல் வைத்தால் 14 தான். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது, ஏசியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்ட வைக்கும் பி.இ.இ. அதனால்தான் 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24-இல் தொடங்கும்படி விதி வந்தது.

கார்னோ 1832-இல் காலராவில் இறந்தார். வயது 36. தொற்றுக்குப் பயந்து அவருடைய காகிதங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள்.