வறள்நிலக் கரிமப் பரிமாற்றம்: லப்பைக்குடிக்காடு வட்டாரம்

பெய்யும் மழையைவிட வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீர் மிகுதியாக இருக்கும் நிலம் வறள்நிலம். ஆண்டு மழையை ஆவியாகக்கூடிய நீரின் அளவால் வகுத்தால் 0.65க்குக் கீழே வரும் இடங்களெல்லாம் இதில் அடங்கும். உலக நிலப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இத்தகையது. இந்நிலங்களின் பயிரும் புல்லும் முள்மரமும் மண்ணுயிரும் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பதும் திரும்ப விடுவதுமே வறள்நிலக் கரிமப் பரிமாற்றம்.

பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கும் பேரூராட்சி லப்பைக்குடிக்காடு. இவ்வட்டாரமும் வறள்நிலமே. எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. பெரம்பலூர் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 860 மி.மீ. மழை கிடைக்கிறது, அதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருகிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை மாவட்டத்தின் முதன்மைப் பயிர்கள். முதலிரண்டும் பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றன. மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் அடுத்துள்ள அரியலூரிலும் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. மழை, பயிர், சுண்ணாம்பு என்ற இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வட்டாரத்தின் கரிமக் கணக்கு விளங்கும்.

மழைக்காடுகளில் இக்கொடுக்கல் வாங்கல் ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். வறள்நிலத்தில் அது மழைநாட்களை ஒட்டிய சில வாரங்களில் குவிந்துவிடுகிறது. அதிலும் முதலில் நடப்பது வரவு அன்று, செலவு. கோடை முழுதும் காய்ந்த மண்ணில் மழை விழுந்த சில மணி நேரத்துக்குள் மண்ணிலிருந்து கரியமில வாயு திடீரெனப் பெருகி வெளியேறும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்து 1950களின் பிற்பகுதியில் பிர்ச் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதியதால் இதற்கு 'பிர்ச் விளைவு' என்று பெயர். வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் உடல்கள் ஈரம் பட்டதும் உயிரோடிருப்பவற்றுக்கு உணவாகின்றன. வறட்சியைத் தாங்க நுண்ணுயிர்கள் தம்முள் சேர்த்த கரைபொருள்கள் வெளியே கசிகின்றன. மண்கட்டிகள் நீரில் உடைந்து, உள்ளே பூட்டிக்கிடந்த மட்கு வெளிப்படுகிறது. சில நாட்களில் இந்த வேகம் அடங்கிவிடும்.

ஆகவே ஆண்டில் மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்படிப் பெய்தது என்பதே முக்கியம். நாலைந்து மி.மீ. தூறல் மேல்மண்ணை மட்டும் நனைத்து நுண்ணுயிர்களை எழுப்பும், வேருக்கு எட்டாது. அப்படிப்பட்ட மழையில் நிலத்துக்கு நட்டமே. ஆழ நனைக்கும் மழை வந்து பயிர் தழைத்த பிறகுதான் வரவு செலவை மிஞ்சும். ஒரே அளவு மழை பெற்ற இரண்டு ஆண்டுகளில் ஒன்று கரிமத்தைச் சேமித்ததாகவும் மற்றொன்று இழந்ததாகவும் முடிவது இதனால்தான். சராசரி மழையளவைக் கொண்டு இந்நிலங்களை மதிப்பிடுவது போதாது.

வறட்சியைச் சமாளிக்கச் செடிகள் வேறுவேறு வழிகளைக் கையாள்கின்றன. மக்காச்சோளமும் சோளமும் கரியமில வாயுவை இலைக்குள் செறிவாக்கிப் பயன்படுத்துவதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே, குறைந்த நீரில் நிறைய மாவுப்பொருள் ஆக்குகின்றன. பருத்தி, வெங்காயம், நிலக்கடலை ஆகியவற்றுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, பிரண்டை ஆகியவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் அதை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன.

காய்ந்த சருகும் சும்மா கிடப்பதில்லை. மட்க வைக்க ஈரம் இல்லாத மாதங்களில் வெயிலே அதைச் சிதைக்கிறது. அர்ஜென்டினாவின் பட்டகோனியப் புல்வெளியில் நடந்த ஆய்வு இதைக் காட்டி 2006இல் வெளியானது. அங்கே சருகின் கரிமத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகாமல் நேரே காற்றில் கலந்தது. பங்குனி, சித்திரை வெயிலில் கிடக்கும் மக்காச்சோளத் தட்டைக்கும் இது பொருந்தும்.

விளைநிலத்தில் கணக்கு ஊர் எல்லையோடு முடிவதில்லை. உலர்ந்த பயிர்ப்பொருள் ஒரு டன்னில் சுமார் 450 கிலோ கரிமம் உண்டு. அதாவது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு 1.6 டன்னுக்கு மேல். மக்காச்சோளத்துக்கு நாமக்கல் கோழிப்பண்ணைகள் பெரிய சந்தை. இங்கே பயிர் இழுத்த கரிமத்தைத் தீவனம் தின்ற கோழி அங்கே மூச்சாக விடுகிறது. தட்டையை மாடு தின்கிறது. பருத்திமார் அடுப்பில் எரிகிறது. நிலத்துக்கு மிஞ்சுவது வேரும் அடிக்கட்டையும்தான். தொழு உரம், ஆட்டுக்கிடை, ஏரி வண்டல் ஆகியவற்றை உரச்செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் பார்ப்பது குறைப் பார்வை; அறுவடையில் போன கரிமத்தில் ஒரு பங்கை அவை மண்ணுக்குத் திருப்புகின்றன.

தரிசில் பரவிய சீமைக்கருவேல் வேறொரு சிக்கல். ஆழ வேர்விட்டு, காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்தி, மற்றச் செடிகள் வாடும் காலத்திலும் பசுமையாக நிற்பதால் அது கரிமத்தை நன்றாகவே சேர்க்கிறது. வெட்டிக் கரிமூட்டம் போட்டால் பெரும்பகுதி புகையாகவும் மீதி கரியாகவும் போய்விடும். மேய்ச்சல் புல்லையும் நாட்டு மரங்களையும் அது நெருக்கித் தள்ளுவதைக் கரிமக் கணக்கில் எழுத இடமில்லை. அந்தக் கணக்கை மட்டும் வைத்து அதைப் போற்றுவது தவறு.

கரிசலைத் தோண்டினால் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் வரும். இதுவும் கரிமமே. வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு மண்நீரில் கரைந்து, சுண்ணாம்புச்சத்தோடு சேர்ந்து, நீர் வற்றும்போது படிகிறது. ஆனால் எல்லாப் படிவும் சேமிப்பாகாது. பழைய சுண்ணாம்பே கரைந்து மறுபடி படிந்தால், கரையும்போது எடுத்த வாயு படியும்போது வெளியேறிவிடும். நிகர வரவு இல்லை. பாறைகளின் சிலிகேட் தாதுக்கள் சிதைந்து புதிய சுண்ணாம்புச்சத்து வந்தால் மட்டுமே புதிய வரவு உண்டு. சுண்ணாம்புப் பாறை மிகுந்த நிலத்தில் இந்த வேறுபாட்டை மறந்தால் சேமிப்பைக் கூட்டிச் சொல்லிவிட நேரும்.

உலகக் கணக்கில் இத்தகைய நிலங்களின் எடை 2010களில்தான் தெளிவானது. 2011இல் உலகின் நிலப்பகுதிகள் வழக்கத்தைவிட மிகுதியான கரியமில வாயுவை ஈர்த்தன. அதற்குப் பெரிய காரணம் நல்ல மழை பெற்ற ஆஸ்திரேலியாவும் தென் அரைக்கோளத்தின் பிற அரைவறள் பகுதிகளுமே என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு ஆண்டு நில ஈர்ப்பு ஏறி இறங்குவதில் அரைவறள் நிலங்களின் பங்கே பெரிது என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு கூறியது. நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான இந்தப் பரிமாற்றத்தை அளக்க, பயிருக்கோ மரத்துக்கோ மேலே கோபுரம் நிறுத்தி, காற்றின் ஏற்ற இறக்கத்தையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் வினாடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ பதிவு செய்கிறார்கள். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இத்தகைய கோபுரத்தை நிறுவியது. அது ஈரநிலம். மானாவாரி நிலத்திலும் இத்தகைய தொடர் அளவீடு மிகவும் தேவை.

அரியலூர்ப் பக்கம் இன்னொரு வழியாகவும் கரிமம் காற்றேறுகிறது. கிரெட்டேசியம் எனும் தொல்புவிக் காலத்தில் கடல் இங்கே உள்ளே வந்திருந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறையே இன்று சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனி. கட்டி முடித்த சுவர் காற்றிலிருந்து மெல்ல மெல்ல இதில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், முழு அளவும் திரும்பாது. எரிபொருளால் வந்த பங்கை அது ஈடுகட்டுவதும் இல்லை.