கை மாறிய வண்டிகள்

பழைய பொருளை நம்பி வாங்கலாமா என்று கடலூர்க்காரர் ஒருவரிடம் கேட்டால், அவர் பதில் சொல்வதற்கு முன் கடற்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை செகண்ட்ஹாண்டில் வாங்கப்பட்ட கோட்டை. உள்ளூர் வணிகர் ஒருவர் கட்டியதாகச் சொல்வார்கள். அது மராட்டியர் கைக்குப் போய், 1690-ல் அவர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலையாயிற்று. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். விற்றவர் செஞ்சியில் இருந்த ராஜாராம்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு பேசிக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டியது. குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் வாங்கினவருக்கு. வாங்குகிறவர்கள் ஓட்டைப் பீரங்கியாகப் பார்த்தா சுடுவார்கள்? நாலு திசையிலும் குண்டு பறந்தது. கடலூர்ப் பட்டணமே அதற்குள் அடங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்த கிராமங்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் நிலைத்தது.

இந்தக் கதையில் எல்லோரும் பீரங்கியைத்தான் ரசிப்பார்கள். எனக்கோ விற்றவரின் நிலைமைதான் சுவாரசியம். அதே 1690-ல் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. 1698-ல் செஞ்சி விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிப் போய்விட்டார். ஆக, விற்றவருடைய பாத்தியதையே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்த வியாபாரம் இது. விற்கிறவருக்கு அது சொந்தம்தானா, அவருக்கு விற்க அதிகாரம் உண்டா, நாளைக்கு வேறொருவர் பாத்தியதை கொண்டாடி வாசலில் வந்து நிற்பாரா? கோட்டை வாங்கினவர்களுக்குப் பீரங்கி இருந்தது, சமாளித்துக்கொண்டார்கள். பழைய மாருதிக் கார் வாங்குகிற நம் குடும்பஸ்தருக்கு அதுவும் இல்லை.

நம் ஜில்லாவாசிகள் கார் வாங்கக் கற்றுக்கொண்டது மாட்டுச் சந்தையில்தான் என்பது என் கட்சி. உழவு மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, பல் சேர்ந்த மாடா என்று வயசு தெரிந்துவிடும். அப்புறம் சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்கிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. கறவை மாடானால் ஒரு வேளை கறக்காமல் மடியைக் கட்டவிட்டு ஓட்டிவருவார். கொம்பைச் சீவி வர்ணம் பூசுவார். தரகர் வந்து துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த வித்தைகளில் ஒன்றுகூட அழிந்துபோகவில்லை. மோட்டார் வண்டிக்கு இடம் மாறியிருக்கின்றன. கொம்புக்கு வர்ணம் பூசுவது போல டயருக்குக் கறுப்பு மை பூசுகிறார்கள். அடிபட்ட கதவுக்கு டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் நோய் தெரியும் என்பதால், நாம் போவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் பழகிய மெக்கானிக் போனவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒன்றில் மட்டும் மாடு உத்தமம். அதன் பல்லைப் பின்னோக்கித் திருப்ப முடியாது. கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் திருப்ப முடிகிறது. சக்கரம் சுழலும் பழைய மீட்டரிலும் முடிந்தது. மின்சார எழுத்தில் எரியும் புது மீட்டரிலும் முடிகிறது. மீட்டர் 30,000 என்று சொல்லும். தேய்ந்து வழவழவென்றிருக்கும் பிரேக் மிதியும், பளபளக்கும் ஸ்டியரிங்கும் வேறு கணக்குச் சொல்லும். நான் மிதியைத்தான் நம்புவேன்.

சென்னை ராஜதானிக்கு மோட்டார் வந்தது இருபதாம் நூற்றாண்டின் பிறப்போடு. சிம்ஸன் கம்பெனியில் 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார்கள். சென்னையில் முதன்முதல் கார் வாங்கிய இந்தியர் என்று, பெரிய கட்டடங்கள் பல எழுப்பிய நம்பெருமாள் செட்டியாரைச் சொல்வார்கள். பிறகு போர்டு கம்பெனி 1926-ல் இந்தியாவில் கடை போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஷெவர்லே கார்களைப் பூட்டத் தொடங்கியது. அந்தக் கார்கள் முதலில் ஜமீன்தார்களிடமும் துரைமார்களிடமும் இருந்து, பிறகு வக்கீல், டாக்டர், மிராசுதார் என்று படியிறங்கி, கடைசியில் வாடகை வண்டியாயின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் இருமியபடி ஓடின பல வண்டிகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. உதிரி பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-ல் சர்க்கார் முடிவு செய்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சிய இந்தியக் கம்பெனிகள் சில. கல்கத்தாப் பக்கம் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். அம்பாசடர் 1950-களின் இறுதியில் வந்தது. அந்தப் ‘புது’ வண்டியே ஒரு வகையில் பழைய சரக்குத்தான். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசை என்று இங்கிலாந்தில் ஓடி ஓய்ந்த மாடல் அது; அதைச் செய்யும் அச்சுகளை இங்கே கொண்டுவந்து வார்த்தார்கள். 2014 வரைக்கும் வார்த்துக்கொண்டே இருந்தார்கள்! கோட்டை வாங்கிய வெள்ளைக்காரன் ஜாதகம் திரும்பி, நாம் அவனிடம் செகண்ட்ஹாண்ட் வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தபடியால், பழைய வண்டிக்கு மவுசு ஏறிவிட்டது. பியட் கார் ஒன்று இரண்டு வருஷம் ஓடிய பிறகும், வாங்கிய விலைக்கு மேலேயே விலை போனதுண்டு. இது பொருளாதாரப் புத்தகத்தில் சேராத விவகாரம். 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் மாருதி 800 சாவி மாறியது. அதன் பிறகும் சில காலம், வண்டிக்குக்கூட அல்ல, வண்டி கிடைக்கும் என்கிற ஒதுக்கீட்டுக் கடிதத்துக்கே ‘மேற்கொண்டு’ வாங்கினார்கள். பழைய வண்டியில் குறை பார்ப்பது அந்த நாளில் மரியாதைக் குறைவு. கிடைத்ததே பாக்கியம் என்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான், இன்றைக்கும் காகிதத்தைப் பார்க்காமல் கார் வாங்குகிற நம் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் அதுதான் உயிர்நிலை. ‘உயிர்’ என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை.

1939-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988-ல் ஒரு சட்டம் இயற்றி, 1989 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கினவர் 30 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இதற்கு 29, 30 என்று இரண்டு படிவங்கள். நடப்பது என்ன? விற்கிறவர் இரண்டு படிவத்திலும், எதையும் நிரப்பாமல், அடியில் கையெழுத்தை மட்டும் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். அந்த வெற்றுப் படிவம் வண்டியின் டாஷ்போர்டுக்குள்ளேயே பிரயாணம் செய்கிறது. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வண்டி கை மாறுகிறது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறுவதே இல்லை.

2018 பிப்ரவரி 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று இப்படிப்பட்டது. வடக்கே ஒருவர் தம் காரை 2007-ல் விற்றார். வாங்கினவர் இன்னொருவருக்கு, அவர் மற்றொருவருக்கு என்று வண்டி பல கை மாறியது. ஒருவரும் பெயரை மாற்றவில்லை. 2009-ல், பின்னால் எடுத்தபோது அந்தக் கார் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் மீதும் அவரது உறவுப் பையன் மீதும் மோதியது. பையன் இறந்துபோனான். நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? பதிவேட்டில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்றது கோர்ட். முதலில் விற்றவர், அந்த வண்டியைக் கண்ணால் பார்த்தே சுமார் இரண்டு வருஷம் ஆகியிருந்தது! கடுமையான தீர்ப்பு என்று முதலில் எனக்கும் பட்டது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கை மாறின சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியுமா? அவர்களுக்கு எட்டக்கூடியது ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேடு ஒன்றுதான்.

ஆகவே பழைய காரில் ஆபத்து வாங்குகிறவருக்கு மட்டும் என்று நினைப்பது சரியல்ல. விற்பவர் தலைக்குமேலும் கத்தி தொங்குகிறது. வாங்குகிறவருக்கு உள்ள கத்தி வேறு மாதிரி. ஆர்.சி.யில் பாங்கியின் பெயரோ நிதிக் கம்பெனியின் பெயரோ அடமானமாகக் குறித்திருந்தால், ‘டியூ எல்லாம் கட்டியாயிற்று’ என்ற வாய்ச்சொல் செல்லாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ம் படிவத்தைக் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால், மோதப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும் கொடுக்கும். நசுங்கிய நம் வண்டிக்குக் கையை விரித்துவிடும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். இதுதான் அசல் சுழி பார்ப்பது. எண் இருக்கும் இடத்தில் அரம் தேய்த்த தழும்போ, புது வெல்டிங்கோ தெரிந்தால் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.

தரகு வியாபாரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் விதிகள் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தியது. பழைய வண்டி வாங்கி விற்கிற வியாபாரி பதிவு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். வண்டி தம்மிடம் வந்ததைத் தெரிவித்துவிட்டால் அதன் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. நல்ல ஏற்பாடு. தெருமுனைத் தரகர்கள் அதைப் படித்தார்களா என்பது வேறு விஷயம்.

கடலூருக்கென்று விசேஷமாக இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, புதுச்சேரி. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டரில் இன்னொரு நிர்வாகம். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், மோட்டார் வரிக்கு அந்த எல்லைக்கோடு இன்னும் அழியவில்லை. அங்கே வரி குறைவு என்பதால் அங்கே பதிவாகி, இங்கேயே வாழ்நாளைக் கழித்த வண்டிகள் அநேகம். பி.ஒய். எண்ணுள்ள காரை மலிவு என்று வாங்குகிறவர், அங்கிருந்து 28-ம் படிவத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று, இங்கே ஆயுள் வரி, புது எண் என்ற மூன்றையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டின பிறகு டி.என். 31 வண்டி அவ்வளவு விலையாகத் தோன்றாது.

மற்றது தண்ணீர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015-ல் நவம்பரும் டிசம்பரும் கொட்டிய மழையில் கெடிலமும் பரவனாறும் ஊருக்குள் வந்தன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு கடலூரைச் சூழ்ந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும், முழுகின வண்டிகள் குளித்து முழுகி, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு, வேறு ஊர்ச் சந்தையில் போய் நிற்கும். கடலூர் வண்டி சேலத்தில். சென்னை வண்டி சிதம்பரத்தில். தண்ணீர் புகுந்த எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், சிலிண்டருக்குள் நின்ற நீர் நசுங்க மறுத்து, கனெக்டிங் ராடையே வளைத்திருக்கும். மின்சாரக் கம்பிகளின் நோயோ மாதக் கணக்கில் மறைந்திருந்து, ஒரு நாள் நடுரோட்டில் தலைகாட்டும். ஏர்பேக் சமயத்தில் விரியாமலும் போகலாம். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரைக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற பாகத்தைத்தான் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் நுனியில் வண்டல் கோடு போட்டிருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அடியிலுள்ள குழியைத் தடவிப் பாருங்கள்.

சிதம்பரத்தில் வேறொரு வகை மயக்கம். அங்கே தேரோடும் வீதிகளுக்கு ‘கார் ஸ்ட்ரீட்’ என்று பெயர் வைத்தான் வெள்ளைக்காரன். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் அந்த வீதிகளில் ஓடுகிற கார் ஒன்றுதான் கை மாறாதது. மற்றதெல்லாம், தரகர் வாக்கின்படி, ‘புரொபஸர் வச்சிருந்த வண்டி சார்!’ அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ஏற்பட்டதிலிருந்து அங்கே எத்தனை பேராசிரியர்கள் இருந்திருந்தாலும், இத்தனை காருக்குக் கட்டுப்படியாகாது. மருத்துவக் கல்லூரியும் இருக்கிறபடியால், புரொபஸர் போதாத இடத்துக்கு டாக்டர் வருவார். புரொபஸர்தான் என்றால் அவரே நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். ஆர்.சி.யிலுள்ள பெயரும், எதிரே நிற்கிற மனிதரின் அடையாளச் சீட்டும் ஒன்றாக இருந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிற்று.

நம்மவர்கள் நல்ல நாள் பார்த்து, ராகு காலம் எமகண்டம் தள்ளித்தான் வண்டி எடுக்கிறார்கள். பார்த்த அந்த நேரத்தை மணி, நிமிஷத்தோடு டெலிவரி நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். அதற்கு முந்தின நிமிஷம் வரை விழுந்த அபராதமெல்லாம் விற்றவர் கணக்கு. பெயர் மாற்றத்துக்கு அது ஈடாகாது, படிவங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்த்தான் தீர வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிற தரகரிடம், ‘நானும் கூட வருகிறேன், அங்கேயே எழுதலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைப்பதை ஆபீஸிலிருந்து திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.