அங்கொடை தூரம்

நாம் சிறுமிகளாக இருந்த நாட்களில் ஒருவரைக் கேலி செய்வதற்கு, "அங்கொடைக்கு அனுப்பவேண்டும்" என்றாலே போதும். கொழும்புக்கு அருகே 1920களில் திறக்கப்பட்ட அந்த மனநோய் வைத்தியசாலை மன்னாருக்கு வெகு தூரம். 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ தொடக்கத்தில் நீதிமன்றம் வழியாகவே நோயாளியை அனுமதித்தது. போனவரைப் பற்றி ஊரில் எவரும் பேசமாட்டார்.

1990இல் மீண்டும் போர் மூண்டது. தலைமன்னார் ரயில் நின்றது. ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழர் பலர் மடுவில் தஞ்சமடைந்தனர். பலர் இராமேஸ்வரத்துக்குப் படகேறினர். முகாமிலிருந்து திரும்பிய எமது வகுப்புத் தோழி ஒருத்தி பேச்சையே நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு நேர்த்தி வைத்தார்கள். நாமோ விலகி உட்கார்ந்தோம். இன்றும் அதை நினைத்து வெட்கப்படுகிறோம்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தந்த உளக்காயங்களுக்குச் சிகிச்சையளித்து அவைபற்றி எழுதியும் வந்தார். ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் வந்த மனநலக் கொள்கை சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர வழிவகுத்தது.

மருந்து எழுதுவது மருத்துவர். ஆனால் நோயாளியின் வீட்டுப் படலை வரை போய், "இரவில் நித்திரை வருகிறதா? சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்கவேண்டியவர் பயிற்சி பெற்ற தாதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டம் படிக்கலாம். மனநலத் தாதியியலும் அதில் அடங்கும்.

தங்கைமாரே, 2015இல் ரயில் தலைமன்னாருக்குத் திரும்பிவிட்டது. படித்துவிட்டு நீங்களும் திரும்பி வாருங்கள். அடுத்த தோழி தனியே உட்காரக்கூடாது.