ஞாயிற்றுக்கிழமை வந்த வழி: சென்னையில் பொது ஓய்வின் வரலாறு, 1859–2023

முன்னுரை

சென்னையின் பூங்காக்களும் கடற்கரைச் சாலையும் எப்போது அமைந்தன என்பதற்கு நகர வரலாற்று நூல்கள் ஆண்டு வாரியாக விடை தருகின்றன. அங்கே போய் உட்கார உழைப்பவருக்கு எப்போது நேரம் கிடைத்தது என்பது வேறு கேள்வி. இவ்விரண்டு காலவரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளி தெரிகிறது. பொழுதைக் கழிக்கும் இடங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆளுநர்கள் அமைத்தார்கள். கழிப்பதற்கான பொழுதோ, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில், தொழிலாளர் போராட்டத்தாலும் தொழிற்சாலைச் சட்டங்களாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை பழைய திருநாள் நாட்காட்டியும் மாலை நேரமும்தான். சென்னை மக்களின் ஓய்வுப் பழக்கங்களில் இன்றும் அவற்றின் தடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. கிழமைக்கு முன் திருநாள்

தமிழகத்தில் கிழமைகளுக்கு வேலை இருந்தது. ஊர்ச் சந்தை குறிப்பிட்ட கிழமையில் கூடியது. எண்ணெய்க் குளியலுக்கும் விரதத்துக்கும் தனித்தனிக் கிழமைகள் இருந்தன. ஆனால் எல்லோரும் ஒருசேர வேலையை நிறுத்தும் கிழமை என்று ஒன்று இருக்கவில்லை. வேலை நின்றது அமாவாசைக்கும் அறுவடை முடிவுக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். அமாவாசையன்று கருவியைத் தொடாத கைவினைஞர்கள் இருந்தனர். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் குடும்பத்தோடு கூடிச் சித்திரான்னம் உண்பது, பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குச் சுற்றுவட்டார மக்கள் வந்து குவிவது, காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு வெளியே புறப்படுவது ஆகியவையே அக்காலத்து ‘ஒருநாள் சுற்றுலா’. இந்த வெளிப்பயணங்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய இடம் இருந்தது. பின்னாளில் வந்த கிளப்புகளிலும் மைதானங்களிலும் அந்த இடம் எளிதில் கிடைக்கவில்லை.

ஞாயிறு, தேவாலயம் செல்லும் ஆங்கிலேயரின் ஓய்வுநாளாக நகருக்குள் வந்து, அவர்களுடைய அலுவலகங்கள் வழியாகப் பரவியது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் ஞாயிற்றைப் பொது விடுமுறைகளுள் ஒன்றாக எண்ணியது. வங்கி, நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எழுத்து வேலை பார்த்தவர்களே அந்த நாளை முதலில் அனுபவித்தனர். ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வீட்டு வேலைக்காரரும் அந்த வரிசையில் பின்னால் நின்றார்கள்.

2. இடம்: ஆளுநர்கள் அமைத்தவை

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெலியன், ஊருக்கு நடுவே பொதுமக்களுக்கென்று ஒரு பெரும் பூங்கா வேண்டும் என்று கருதினார். அவர் தொடங்கிய மக்கள் பூங்கா இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே நூறு ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சியும் பின்னர் இங்கே இடம் மாறியது. 1985இல் அது வண்டலூருக்குப் போகும்வரை பல தலைமுறைச் சென்னைக் குழந்தைகள் சிங்கத்தையும் புலியையும் முதன்முதலில் பார்த்தது இந்தப் பூங்காவில்தான். ஆண்டிறுதிச் சந்தையும் கேளிக்கைகளும் அங்கே நடந்தன. 1886 டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் மூண்ட தீ பலரைப் பலிகொண்டது. பெருங்கூட்டம் கூடும் கேளிக்கைக்கு நகரம் அப்போது ஆயத்தமாக இருக்கவில்லை.

கடற்கரையின் கதையில் பாதி தற்செயல். 1870களின் நடுவில் துறைமுகப் பணி தொடங்கியபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் துறைமுகச் சுவரால் தடுக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது. முன்பு சாலைக்கு நெருக்கமாக அலையடித்த கரை, ஆண்டுதோறும் அகன்று பெரும் மணல்வெளியானது. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. தென்பகுதியின் உலாவுமிடம் வடபகுதி மீனவர் இழந்த கரையோடு சேர்ந்தே பிறந்தது என்பதை மெரினாவைக் கொண்டாடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த மவுண்ட்ஸ்டூவர்ட் கிராண்ட் டஃப் அந்தத் தென்கரையில் நடைபாதையுடன் கூடிய உலாச்சாலையை அமைத்து, அதற்கு ‘மெரினா’ என்று பெயரிட்டார். 1909இல் அங்கே மீன் காட்சியகமும் திறக்கப்பட்டது.

இவற்றின் வாசல்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன. ஆனால் பகல் முழுதும் ஆலையில் நிற்பவருக்குத் திறந்த வாசலால் பெரிய பயன் இல்லை.

3. நேரம்: சட்டமும் சங்கமும்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் (1881) சிறுவர்களுக்கு மட்டுமே மாதத்தில் நான்கு நாள் விடுமுறை தந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு, நண்பகலில் அரைமணி இடைவேளை ஆகிய கோரிக்கைகளை முன்வைத்தார். 1890இல் பம்பாய் ஆலை முதலாளிகள் வார ஓய்வுக்கு இணங்கினர். 1891ஆம் ஆண்டுச் சட்டம், தனது வரம்புக்கு உட்பட்ட தொழிற்சாலைகளில் இவ்விரண்டையும் சட்டமாக்கியது.

ஏட்டில் கிடைத்த இந்த உரிமை சென்னையில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை 1918 காட்டுகிறது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொதிக்கவைத்த குறைகளுள் முதன்மையானது நண்பகல் இடைவேளை. அரைமணிக்குள் கைகழுவி, உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைய வேண்டும்; சற்றே பிந்தினாலும் கதவடைப்பு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைத்துவர, ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. ஆக, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப்படும் அமைப்பு எழுந்ததில் கூலியோடு நேரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பை 1911ஆம் ஆண்டுச் சட்டம்தான் விதித்திருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அதன்பின் சட்டம் படிப்படியாக இறங்கிவந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி. 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளுக்கு 54. 1946 திருத்தத்தில் 48. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 48 மணி நேரத்தையும் வார ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. கடை, உணவகச் சிப்பந்திகளுக்கு வார விடுமுறையை உறுதிசெய்தது 1947ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். மக்கள் பூங்கா தோன்றி ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகே, அதற்குப் பக்கத்தில் துணிக்கடையில் நின்றவருக்குச் சட்டப்படியான ஓய்வுநாள் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் கடற்கரையைத் தம் வழியில் பயன்படுத்திக்கொண்டனர். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தை உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கொண்டாடினார். உலாவுவதற்கென்று ஆளுநர் வகுத்த மணல்வெளியில், உலாவ நேரம் கேட்டு மக்கள் கூடினார்கள்.

4. திருநாளை நாடிவந்த விளையாட்டு

பழைய நாட்காட்டியும் புதிய பொழுதுபோக்கும் பொருந்திக்கொண்டதற்கு மிகத் தெளிவான சான்று கிரிக்கெட். 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு உரியது. அங்கே இந்தியரிடம் காட்டப்பட்ட வேற்றுமை கண்டு மனம்நொந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் மோதிய பிரசிடென்சி ஆட்டம் அவர் முயற்சியில் முளைத்தது. 1915–16 முதல் 1951–52 வரை முதல்தர ஆட்டமாக நடந்த அது நிலைகொண்ட நாள், பொங்கல். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆட்டம், தமிழர் வேலையை நிறுத்தும் நாளைத் தேடி வந்து அமர்ந்துகொண்டது.

ஆட்டக்காரர் மாறிய பிறகும் நாள் மாறவில்லை. 1960களிலிருந்து 1980கள்வரை சேப்பாக்கத்தில் ‘பொங்கல் டெஸ்ட்’ என்பது தனி மரபாகவே இருந்தது. நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் வீழ்த்திய 1988 ஜனவரி ஆட்டமும் அப்படிப் பொங்கலையொட்டி நடந்ததுதான். ஐந்து நாள் ஆட்டத்தைப் பார்க்கத் தொடர்ச்சியான ஓய்வுநாட்கள் வேண்டும். தமிழ்நாட்டில் அவற்றைக் கொடுத்தது பொங்கல்.

5. மாலையும் இரவும்

பகலைப் பெறாதவர்களுக்கு மாலை இருந்தது. மவுண்ட் ரோட்டில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரும், 1914இல் ரகுபதி வெங்கையாவின் கெயிட்டியும் திறந்தன. பின்னாளில் நிலைத்த முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்ற முறை வேலை விட்டு வருவோரின் கடிகாரத்துக்கு இசைந்தது. மாநகராட்சி 1930இல் வானொலிச் சேவையை ஏற்று நடத்தியபோது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் மணலில் அமர்ந்து மாலைக் கச்சேரி கேட்டனர்.

வடசென்னையில் மாலைப்பொழுதின் ஆட்டம் கேரம். இதற்கு மைதானம் தேவையில்லை, பகல் வெளிச்சமும் தேவையில்லை. பலகையும் போரிக் பவுடரும் மேலே தொங்கும் ஒரு விளக்கும் போதும். ஷிப்ட் முடிந்து வந்தவரும் பள்ளி விட்டு வந்த பையனும் தெருமுனை மன்றத்தில் ஒரே பலகையைச் சுற்றி நின்றனர். 1991லும் 1995லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும், 2024 உலகக் கோப்பையில் வென்ற காசிமாவும் இந்நகரத்தவர்கள். உலகத்தரமான திறமைக்குப் பெரிய அரங்கு கட்டாயமல்ல. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கையில் இருப்பது கட்டாயம்.

6. வண்டி

நேரம் கிடைத்த பிறகு தூரம் குறைய வேண்டும். 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றது. 1931இல் கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதை மின்மயமானதும் மாம்பலம், சைதாப்பேட்டை, தாம்பரம் குடும்பங்களுக்கு நகரின் மையம் ஒரு மாலைப் பயணத் தொலைவுக்குள் வந்தது. வண்டி வசதி பெருகியபோது, ஓய்வு தெற்கு நோக்கி நகர்ந்தது. கிண்டி பாம்புப் பண்ணை, 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரம் என்று ஒருநாள் பயணத்துக்கான ஊர்வரிசை 1970–80களில் உருவானது. 1975இல் வந்த சென்னைத் தொலைக்காட்சி இதற்கு எதிர்த்திசையில் இழுத்தது. ஞாயிறு மாலைத் திரைப்படமும், 1987 முதல் ஞாயிறு காலை ராமாயணமும் மக்களை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்தன.

7. இரண்டு நாள் வாரயிறுதி

1985 ஜூன் மாதம் மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வேலைவாரம் வந்தது. 2000இல் டைடல் பார்க் திறந்தபின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் இதை இளைஞர்களிடையே பரவலாக்கின. வெள்ளி இரவு கோயம்பேட்டில் பேருந்து ஏறி ஏலகிரிக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கோ போய், ஞாயிறு இரவு திரும்பும் ‘வீக்எண்ட்’ இரண்டு நாள் ஓய்வின் பிள்ளை. ஒருநாள் ஓய்வில் இது சாத்தியமில்லை. துணி துவைக்கவும் இறைச்சிக் கடை வரிசையில் நிற்கவுமே அந்த ஒருநாள் சரியாக இருந்தது. சமைக்கும் பெண்களுக்கு ஞாயிறு வேலை கூடிய நாளாகவே பல வீடுகளில் நீடித்தது. எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் அடுக்களைக்குள் வரவில்லை.

ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் வேலை என்பதும் இக்கட்டத்தில் கூர்மையாயிற்று. வண்டலூர் பூங்காவின் வார விடுமுறை செவ்வாய். ஞாயிறு அங்கே வேலை மிகுந்த நாள். 2019இல் கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கத் தமிழ்நாடு அரசு அனுமதித்தபோது, சிப்பந்திகளுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை வகுக்கப்பட்டது. ஓய்வுநாள் பறிபோகவில்லை, ஆனால் கணவனுக்குச் செவ்வாய், மனைவிக்கு வியாழன், பிள்ளைகளுக்கு ஞாயிறு என்று சிதறினால் குடும்பமாக வெளியே போகும் நாள் இல்லாமற்போகிறது.

முடிவுரை

இடம், நேரம், வண்டி ஆகிய மூன்றில் நேரமே கடைசிவரை பேரத்துக்குரியதாக இருந்துவருகிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதா, நான்கு நாள் வேலைவாரத்துக்கு இடம் தருவதாகச் சொல்லி, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறந்தது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் என்ற வாக்கு, மாலைப்பொழுதை இழக்கும் அச்சத்துக்கு முன் எடுபடவில்லை. நூறாண்டுகளாக இந்நகரத் தொழிலாளரின் ஓய்வு மாலையில் வேரூன்றியிருந்ததைக் கருதினால் அந்த எதிர்ப்பின் ஒரு காரணம் விளங்கும்.

காணும் பொங்கலன்று மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடுவதையும், காணாமற்போகாதிருக்கப் பிள்ளைகளின் கையில் காவல்துறை அடையாளப் பட்டை கட்டுவதையும் பழமையின் எச்சமென்று ஒதுக்கிவிட முடியாது. கிழமைவாரி ஓய்வு வேலைக்கேற்பச் சிதறியபோதும், கடைச் சிப்பந்தியும் கட்டடத் தொழிலாளியும் அலுவலகத்தாரும் தத்தம் குடும்பத்தோடு ஒரே நாளில் வெளியே வர வாய்ப்புத் தருவது இன்னும் திருநாள் நாட்காட்டிதான். ஆகவே சென்னையின் ஓய்வு வரலாற்றை எழுதுவோர் பூங்காக்களின் திறப்பு விழா ஆண்டுகளோடு, ஆலைச் சங்கு ஊதிய நேரங்களையும் கடைகளின் விடுமுறைப் பட்டியல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பூங்கா யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைவிட, யார் எந்த நாளில், எத்தனை மணிக்கு அங்கே வர முடிந்தது என்பதே அவ்வரலாற்றை அளக்கும் கோல்.