பன்னிருவர் ஒப்பிய சட்டம்

‘வழக்கம்’ என்றொரு சொல் உண்டு. வாதத்தில் தோற்றவர் எடுக்கும் கடைசி ஆயுதம் அது. “முன்னோர் நடந்த வழி, மூத்தோர் வகுத்த முறை, அதை மாற்ற நீ யார்?” என்று கேட்பார்கள். கேட்டதும் பலர் வாயடைத்துப் போவார்கள். நாம் அப்படிப் போகவேண்டியதில்லை. “அந்த முன்னோர் யார்? வகுத்தபோது யாரைக் கேட்டார்கள்? யாரைக் கேட்கவில்லை?” என்று திருப்பிக் கேட்போம். விடை சொல்ல வரலாறு காத்திருக்கிறது.

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஓடிவரும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையிலே கடலைச் சேருகிறது. அந்தத் துறையிலும், வடக்கே தேவனாம்பட்டினத்திலும், பழவேற்காட்டிலும், தெற்கே நாகப்பட்டினத்திலும் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி பண்டகசாலைகளை நடத்தியது. துணி வாங்க வந்த கம்பெனி துணியோடு நிற்கவில்லை; மனிதரையும் வாங்கியது. போரும் பஞ்சமும் சோழமண்டலக் கரையை வாட்டிய 1659-61 ஆண்டுகளில், பசியால் விலைபோன ஏழைகள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் அனுப்பப்பட்டனர். அக்கரை சேர்ந்த தமிழனை எந்த நீதி எதிர்கொண்டது? அதைக் காண யாழ்ப்பாணம் செல்வோம்.

1658இல் போர்த்துகேசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். அவர்களை அந்நாட்டார் ஒல்லாந்தர் என்பர். ஆண்டது அரசன் அல்லன். இலாபக் கணக்குப் பார்க்கும் வாணிகக் கம்பெனி! ஆனாலும் அது மன்றங்களை அமைத்தது. கோட்டைக்குள்ளே நீதிச்சபை, நாட்டு மக்களின் நிலம், கடன் முதலிய வழக்குகளுக்கு லாண்ட்ராட் என்னும் மன்றம். டச்சு அலுவலரோடு உள்ளூர்த் தலைவர்களும் அமர்வது லாண்ட்ராட் முறை. யாருக்கு எந்த நிலம் என்று எழுதிவைக்கத் ‘தோம்பு’ என்னும் பதிவேடுகள். கிராமந்தோறும் வரி தண்டவும் ஆணையைச் செலுத்தவும் முதலியார், உடையார் முதலிய பதவியாளர். இங்கே முதலியார் என்பது சாதிப்பெயர் அன்று. ஆட்சி அளித்த பட்டம்.

மன்றம் இருந்தது, தீர்ப்புக்கு நூல் இல்லை. ஐரோப்பியருக்கு டச்சுச் சட்டம் உண்டு. தமிழர் வழக்குக்கு எதைப் பார்ப்பது? 1706இல் ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சிமோன்ஸ் நாட்டு வழக்கங்களைத் திரட்டுமாறு ஆணையிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், 1707 சனவரியில் எழுதி முடித்தார். டச்சு மொழியில் எழுதியதை ஜான் பைரஸ் தமிழாக்கினார். தமிழ்ப் படி பன்னிரண்டு முதலியார்களிடம் தரப்பட்டது. படித்தனர், ஒப்பினர். ‘தேசவழமை’ பிறந்தது. மன்றங்களுக்குப் படிகள் சென்றன.

எழுதியவன் வெள்ளையன், ஒப்பியவர் பட்டம் பெற்ற பன்னிருவர். பெயரோ தேசத்தின் வழமை! தேசம் என்பது பன்னிருவர்தாமா?

அந்நூலில் நல்லது எதுவுமே இல்லை என்று நாம் கூறவில்லை. முன்னோர் வழிவந்த முதுசம், மகளுக்குத் தரும் சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் எனச் சொத்தை அது வகைப்படுத்தியது. பெண்ணுக்கும் சொத்துண்டு என ஏற்றது. ஆயின் உடைமை வேறு, உரிமை வேறு. பிற்காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டம், மணமான பெண் தன் நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்று விதித்தது. பெட்டி அவளுடையது, சாவி அவனிடம்!

அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. நளவர், பள்ளர், கோவியர் முதலான பிரிவினர் அங்கே அடிமைகளாகக் குறிக்கப்பட்டனர். ஒருவர் வீட்டு அடிமை மற்றொருவர் வீட்டு அடிமைப் பெண்ணை மணந்தால் பிள்ளை யாருக்கு? பெற்றவர்களுக்கு அன்று; தாயை உடைய எசமானனுக்கு! பசு எவனுடையதோ, கன்றும் அவனுடையது என்னும் கணக்கு, மனிதப் பிள்ளைக்கும் போடப்பட்டது. வழக்கமாக இருந்த கொடுமை, எழுத்தேறியதும் மன்றத்தின் நீதியாயிற்று. மரபு சிலவேளை நெகிழும், ஏடு நெகிழாது.

அந்த வரியை எழுதுமுன் ஒரு பள்ளனையேனும், ஒரு நளவத் தாயையேனும் அழைத்து, “இதுதான் உங்கள் வழமையா?” என்று கேட்டார்களா? இல்லை. கேட்கப்பட்டவர் நிலமும் ஏவலாளும் உடைய வரிசையினர். ஆண்டைகளைக் கேட்டு எழுதிய அடிமைச் சட்டத்தில் ஆண்டையின் குரலன்றி வேறென்ன ஒலிக்கும்? வெள்ளையனுக்கு வேண்டியது அமைதியும் வரியும். பட்டத்தாருக்கு வேண்டியது நிலமும் ஆளும். இரண்டும் கைகுலுக்கின. நடுவிலே நசுங்கியவன் உழைத்தவன்.

1795இல் யாழ்ப்பாணம் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. கொடி மாறியது, ஏடு மாறவில்லை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுவலிமை தந்தனர். நூறாண்டுக்கு முன் ஒரு டச்சு அலுவலர் தொகுத்த ஏடு, அதற்குள் ‘பண்டைய வழக்கம்’ என்னும் பெருமையையும் பெற்றுவிட்டது!

ஆனால் தோழர்களே, கதை அங்கே முடியவில்லை. 1843இல் இந்தியாவில் கம்பெனி ஆட்சியின் 5ஆம் சட்டம், அடிமை உரிமையை மன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மாற்றவே முடியாத வழமை என்றார்களே, அதன் அடிமைப் பகுதி ஒரு சட்டத்தால் செத்தது. வானம் இடிந்ததா? வெள்ளாறு வற்றியதா? இல்லை. அடிமை என்று பிறந்தவன் சட்டத்தின் முன் மனிதன் ஆனான், அவ்வளவுதான். சாதியின் பிடி ஏட்டுக்கு வெளியே எஞ்சியது என்பதும் உண்மை. ஏட்டைத் திருத்துவது பாதி வேலை. எண்ணத்தைத் திருத்துவது மீதி வேலை.

ஆகவே, இனி எந்த மன்றத்தில், எந்த ஊர்க்கூட்டத்தில், “இது வழக்கம்” என்று ஒருவர் சொன்னாலும், நாம் சினங்கொள்ள வேண்டாம்; அஞ்சவும் வேண்டாம். மூன்றே கேள்விகள் கேட்போம்: எழுதியவர் யார்? ஒப்பியவர் யார்? கேட்கப்படாதவர் யார்? மூன்றாம் கேள்விக்குரியவனை அவையின் நடுவே அமர்த்தும் நாளில்தான் வழக்கம் நீதியாகும். அதுவரை அது வலியவன் எழுதி வைத்த கணக்கே!