பிபி மாத்திரையும் ஒரு டம்ளர் ஜூஸும்

பிபி மாத்திரையை எதோட விழுங்குறீங்க? தண்ணியா, ஜூஸா? இது முக்கியமான கேள்வின்னு மருத்துவ உலகத்துக்குப் புரியவெச்சது கனடாவில் தற்செயலாக நடந்த ஒரு விஷயம்.

ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்று ஒரு ஊர் (இங்கிலாந்து லண்டன் இல்லைங்க). அங்கே டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளர். 1966-ல் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் கனடாக்காரரும் இவரேதான்! 1980-களின் கடைசியில் அவர் குழு ஆராய்ந்தது வேறு விஷயம்: ஃபெலோடிபின் என்ற பிபி மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும்? யாருக்கு மது, யாருக்கு வெறும் ஜூஸ் என்பது குடிப்பவருக்குத் தெரியக் கூடாது. அதனால மதுவின் ருசியை மறைக்க ஏதாவது வேணும். வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த ஜூஸையெல்லாம் கலந்து பார்த்து, கடைசியில் கிரேப்ஃப்ரூட்டைப் பிடித்தார். திராட்சை இல்லை, பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த, லேசா கசக்கிற பழம்.

முடிவைப் பார்த்தால் குழப்பம். மது குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி, ரத்தத்தில் மருந்தின் அளவு பழைய ஆய்வுகளை விட எக்கச்சக்கம். டோஸ் தப்பா? அளந்தது தப்பா? இல்லை. மிச்சமிருந்தது ஜூஸ் மட்டும்தான். பெய்லி தானே மாத்திரையை ஒருமுறை தண்ணீரோடும் இன்னொருமுறை ஜூஸோடும் விழுங்கிப் பார்த்தார். ஜூஸோடு எடுத்தப்போ அளவு ஐந்து மடங்கு!

1991-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் ஆறே பேர். ஜூஸோடு எடுத்தப்போ உடலில் சேர்ந்த மருந்து சராசரியா 2.8 மடங்கு. ஒருத்தருக்கு 1.6, இன்னொருத்தருக்கு 4.7. எனக்குப் பயம் தருவது சராசரி இல்லை, இந்த வித்தியாசம்தான். யாருக்கு எவ்வளவு ஏறும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆரஞ்சு ஜூஸ் இந்த வேலையைச் செய்யல.

காரணம் என்ன? குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்று ஒரு என்சைம், சுங்கச்சாவடி மாதிரி உட்கார்ந்திருக்கு. அதையும் கல்லீரலையும் தாண்டி ஃபெலோடிபினில் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். அந்தக் கணக்கில்தான் டோஸே. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடலில் இருக்கும் அந்தச் சாவடியை இழுத்து மூடிடும். மருந்து மொத்தமா உள்ளே போக, பிபி தடாலென இறங்கி தலைசுற்றல், மயக்கம் வரலாம்.

"காலையில ஜூஸ், ராத்திரி மாத்திரைன்னா பரவாயில்லையா டாக்டர்?" பிரயோஜனம் இல்லைங்க. முடங்கின என்சைம் மீளாது. குடல் புதுசா செய்யணும், அதுக்கு ஒரு நாளுக்கு மேலயே ஆகும்.

நம்ம ஊரில் அதிகம் எழுதப்படும் அம்லோடிபினுக்கு இந்தப் பாதிப்பு ரொம்பக் குறைவு. நிஃபெடிபின் எடுக்கிறவங்கதான் கவனிக்கணும். பம்ப்ளிமாஸிலும் அதே ஃபியூரனோகூமரின்கள் உண்டு. அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. பழத்தை நிறுத்திட்டு, அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையை உங்க டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.